ஒரே புடவையில் சுற்றிய இரண்டு பிள்ளைகள்

என் கையெழுத்து கோணலாக இருக்கும், பிழையும் இருக்கும். சபையார் பொறுத்துக்கொள்ளுங்கள். ஐந்தாவது வரைதான் படித்தேன். டைல்ஸ் ஒட்டும் வேலை. எழுந்து நின்று பேசக் கூச்சம், அதனால் எழுதித் தருகிறேன்.

எங்கள் ஷீபாவுக்கு ஏழு வயது நடந்தபோது, மேடவாக்கத்திலிருந்து கலா என்ற அம்மாவும் அவர் கணவர் முருகனும் பீர்க்கன்கரணையில் எங்கள் வீட்டைத் தேடி வந்தார்கள். முருகன் தண்ணீர் லாரி ஓட்டுகிறவர். கலா, பிரசவத்தின்போது ஆஸ்பத்திரியில் என் மனைவி எஸ்தருக்குப் பக்கத்துக் கட்டிலில் இருந்தவர்.

பிறந்த பிள்ளைக்குப் புதுத்துணி போடமாட்டோம். பழைய புடவையைக் கிழித்துத்தான் சுற்றுவோம். கலா வலியோடு அவசரமாக வந்ததில் பழைய துணி கொண்டுவரவில்லை. எஸ்தர் தன் புடவையில் பாதியைக் கிழித்துக் கொடுத்தாள். இரண்டும் பெண் பிள்ளைகள். மஞ்சள் காமாலை என்று இரண்டையும் விளக்கு வெளிச்சத்தில் வைத்துத் திருப்பித் தந்தார்கள். துணியைப் பார்த்துத்தான் அங்கே அடையாளம். அப்போது பிள்ளைகள் மாறிப்போனது யாருக்கும் தெரியவில்லை.

கலா வளர்த்த திவ்யா டெங்குவில் இறந்துபோனாள். அப்போதுதான் அவர்கள் ரத்தத்தோடு பிள்ளையின் ரத்தம் ஒத்துவரவில்லை என்று தெரிந்ததாம். இரு வீட்டாரும் பரிசோதனை செய்தோம். இறந்தவள் எங்கள் மகள். ஷீபா அவர்கள் மகள்.

கலா போனில் திவ்யாவின் படம் காட்டினார். எஸ்தரின் அதே மேட்டு நெற்றி. எஸ்தர் வெகுநேரம் பார்த்துவிட்டு, “எங்க பொதைச்சீங்க அக்கா?” என்று மட்டும் கேட்டாள்.

முருகன் ஷீபாவைக் கேட்டார். நாங்கள் தரவில்லை. “எனக்குன்னு இன்னா கீது? என் புள்ளய நான் கேக்கறேன்” என்றார். அதன்பின் சேலையூரில் ஷீபாவின் பள்ளிக்கு எதிரே தினமும் வந்து நின்றார்.

ஒரு வெள்ளிக்கிழமை நான் போனபோது ஷீபா அங்கே இல்லை. “பெரியம்மான்னு சொல்லி ஒரு அம்மா இட்டுனு போனாங்க சார்” என்றார் வாட்ச்மேன். கலாவின் போன் அணைந்திருந்தது. மேடவாக்கம் வீடு பூட்டிக் கிடந்தது. போலீஸில் புகார் கொடுத்தோம். பெற்றவர்கள்தானே கூட்டிப்போனார்கள் என்று போலீஸாரே குழம்பினார்கள்.

பூட்டிய அந்தக் கதவுக்கு முன்னால், காலிக் குடங்களுக்கு நடுவே முழங்காலிட்டேன். “ஆண்டவரே, ஒரு பிள்ளையை முகம் பார்க்காமலே மண்ணுக்குக் கொடுத்துவிட்டேன். இதையும் கேட்காதேயும்.” வேறு வார்த்தை வரவில்லை.

மறுநாள் காலை ஷேர் ஆட்டோவில் கலா எங்கள் வீட்டுக்கு வந்தார். அவர் கையைப் பிடித்தபடி ஷீபா.

“ஒரு நாள் வச்சிக்கலாம்னு தான் எங்க அக்கா வூட்டுக்கு இட்டுனு போனேன்” என்றார். “ராவெல்லாம் அம்மா அம்மான்னு அழுதுச்சு. நான் பக்கத்துல தான் கீறேன், என்ன கூப்பிடல. திவ்யா போவசொல்ல என் கையத்தான் புடிச்சிருந்தா. இவளுக்கு அந்தக் கை உன்துதான் எஸ்தரு.”

கலாவின் மனதோடு பேசியது யார் என்று எனக்குத் தெரியும். எஸ்தர் அவரை உட்காரவைத்து இட்லி வைத்தாள். மூவரும் அழுதுகொண்டே சாப்பிட்டார்கள்.

முருகன் வழக்குப் போடவில்லை. மாதங்கள் கழித்து அவரே என்னைத் திவ்யாவின் கல்லறைக்கு அழைத்துப்போனார். எனக்காகவும் ஒரு மாலை வாங்கியிருந்தார். இப்போது ஞாயிறு ஆராதனை முடிந்ததும் ஷீபாவை அவர்கள் வீட்டுக்குக் கூட்டிப்போகிறோம். என் துக்கம் தீரவில்லை. ஆனாலும் ஸ்தோத்திரம் சொல்கிறேன், பிள்ளை வீட்டில் இருக்கிறாள்.

உங்களுக்கும் ஜெபிக்க வார்த்தை வராத நாள் வந்தால், வராமலே முழங்காலிடுங்கள். அவர் கேட்கிறார்.

எழுதி முடித்தது ஜூலை 14. ஷீபாவும் திவ்யாவும் பிறந்த நாள்.