‘புழு’ குழுவின் இரண்டாம் கேசட்

மானகிரி அந்தோணி பிரபு பகலில் ஒரு மேல்நிலைப் பள்ளியின் ஆய்வக உதவியாளர். மாலையில் ‘புழு’ என்ற டெத் மெட்டல் குழுவின் பாடகர். பிணத்தைப் புழு தின்பதைத் தவிர வேறெதையும் பாடுவதில்லை என்ற ஒழுக்கம் அவருக்கு இருந்தது. இந்த வகை இசையில் பாடகர் பாடக் கூடாது, அடிவயிற்றிலிருந்து உறும வேண்டும். கேட்பவருக்கு ஒரு சொல்லும் விளங்கக் கூடாது. 1994இல் வந்த முதல் கேசட் இந்த இலக்கணத்தில் இம்மியும் பிசகவில்லை. அட்டைப்படத்துக்கு ஆய்வகத்து எலும்புக்கூடு ஊதியமின்றி உதவியது. காரைக்குடி முழுக்கச் சலித்ததில் பதினோரு ரசிகர்கள் தேறினார்கள்.

அம்மா வியாகுலம்மாள் முழுசாகக் கேட்டுவிட்டு, “ஓமத்தண்ணி வச்சுத் தரவாய்யா?” என்றார்.

மூன்று வருடம் கழித்து அம்மாவின் வயிற்றில் கட்டி வந்தது. ஈஸ்டர் வரை தாங்கினால் பெரிது என்று டாக்டர் சொல்லிவிட்டார். படுக்கையில் கிடந்த அம்மா கேட்டது ஒன்றே ஒன்று.

“நீ பாடுறதுல ஒரு வார்த்தையாச்சும் வெளங்கிட்டுப் போயிர்றேன்யா.”

மெட்டல் குழுக்கள் பாணியை மாற்றுவதற்கு அறிஞர்கள் பல காரணம் சொல்வார்கள். ‘புழு’ மாறியது இதனால்தான். பிரபு வேகத்தைக் குறைத்தார், உறுமலை விட்டார், சின்ன வயதில் கோயில் பாடகர் குழுவில் பழகிய குரலைத் தூசி தட்டி எடுத்தார். டிரம்ஸ் அடிக்கும் அமலதாஸ் கொதித்துப் போனார்.

“என்ன மாப்ள, தாலாட்டா பாடுற? நம்மாளுக காறித் துப்புவாய்ங்கடா.”

“பதினோரு பேருதானடா. துப்பட்டும்.”

துப்பினார்கள். ஒருவர் முதல் கேசட்டையும் சேர்த்துத் திருப்பிக் கொடுத்தார்.

தவக்காலத்தில் ஒரு மத்தியானம், அம்மாவின் தலைமாட்டில் டேப் ரெக்கார்டரை வைத்துப் புது கேசட்டை ஓடவிட்டார் பிரபு. அரை நிமிடம் போன பிறகுதான் உறைத்தது. குரலை மாற்றியவர் வரிகளை மாற்றவில்லை. புழு முதலில் கண்ணைத் தின்னும், அடுத்து நாக்கை என்று கேசட் கணீரென்று சொல்லிக்கொண்டிருந்தது. நிறுத்தப் போன கையை அம்மா தட்டிவிட்டார். கடைசிவரை கேட்டார்.

“ஏய்யா, சாமியார் வருசா வருசம் நெத்தியில சாம்பலப் பூசி இதத்தான சொல்றாக? மண்ணு மண்ணுக்குத்தான் போகும்னு. அவுக பூசிட்டு அடுத்த ஆளுக்கிட்டப் போயிர்றாக. நீ என்னடான்னா ஒவ்வொரு உறுப்பா எண்ணுற.”

டேப் ரெக்கார்டரைப் பிரபு பக்கம் தள்ளிவிட்டார்.

“பயமா இருக்குய்யா. பழசே தேவல. ஒண்ணும் வெளங்காம நிம்மதியா இருந்துச்சு.”

இரண்டாம் கேசட் அத்துடன் பெட்டிக்குள் போனது. அன்றிலிருந்து தினமும் சாயங்காலம் பிரபு கட்டிலருகே உட்கார்ந்து, பழைய பாணியில், தணிந்த குரலில் உறுமினார். அம்மா தூங்கினார். குருத்தோலை ஞாயிறுக்கு முந்தின நாளும் உறுமினார். பாட்டு முடிந்த பிறகுதான் அம்மாவுக்கு மூச்சில்லை என்பதைக் கவனித்தார்.

கல்லறையில் முதல் பிடி மண்ணைப் போட்டபோது பிரபுவிடமிருந்து ஒரு சத்தம் வந்தது. பிள்ளை கதறுகிறான் என்று ஊரார் அவரைப் பிடித்துக்கொண்டார்கள். அது முதல் கேசட்டின் இரண்டாவது பாட்டு என்பது அமலதாஸுக்கு மட்டும் தெரிந்தது. ஒரு வார்த்தையும் விளங்கவில்லை.