சாப்பிட்ட பிறகுதான் சேதி

1962-இல் பெருமாள்மலைக் கடைவீதியில் தஸ்தகீரின் மளிகைக் கடையில்தான் டெலிபோன் இருந்தது. மதுரை ஆஸ்பத்திரியில் கிடக்கும் மலைக்காரர்களைப் பற்றி எந்தச் சேதி வந்தாலும் அவர்தான் வாங்கிச் சொல்லவேண்டும். நல்ல சேதியைத் தெருவிலேயே மறித்துச் சொல்லிவிடுவார். சாவுச் சேதிக்கு மட்டும் ஒரு முறை வைத்திருந்தார். கேட்டபிறகு யாருக்கும் சோறு இறங்காது; ஆகவே முதலில் சாப்பிட வைப்பார், அப்புறம் சொல்வார். இந்த வழக்கம் சுற்றுப்பட்டு ஊர்களுக்கெல்லாம் தெரிந்துபோயிருந்தது; அப்படித் தெரிந்திருப்பது அவருக்குத்தான் தெரியாது.

ஒருநாள் சாயங்காலம் மதுரையிலிருந்து டாக்டர் பேசினார். உருளைக்கிழங்கு மூட்டை சரிந்து நசுங்கிய மணியனின் கால் அழுகத் தொடங்கிவிட்டது. மறுநாள் மதியத்துக்குள் எடுக்காவிட்டால் ஆள் பிழைக்கமாட்டான். அவனோ பெண்டாட்டி சம்மதிக்காமல் கைநாட்டு வைக்கமாட்டேன் என்கிறான். காலை பத்து மணிக்கு மறுபடி கூப்பிடுவார்கள்.

ஆள் விட்டு வரச் சொன்னதும், மணியனின் மனைவி அன்னக்கொடி மறுநாள் வெள்ளனே கீழே அடுக்கம் கிராமத்திலிருந்து கிளம்பி மலையேறி, ஒன்பதரை மணிக்கு மூச்சிரைக்க வந்து நின்றாள். வெறும் வயிற்றோடு வந்தவளைப் பார்த்ததும் தஸ்தகீர் பக்கத்து ஓட்டலிலிருந்து இட்லி வரவழைத்தார்.

"மொதல்ல சாப்பிடு தாயி."

அவள் இலையைப் பார்த்தாள். "ஐயோ, போயிட்டியா ராசா!" என்று வாசலிலேயே விழுந்து மாரடித்துக்கொண்டாள். பூண்டு வாங்க வந்த விசாலாட்சியும் கூட உட்கார்ந்து ஒப்பாரி எடுத்தாள்.

"ஏத்தா, சாகலைத்தா! பசியோட வந்திருக்கியேன்னு குடுத்தேன்!"

"பொய் சொல்லாதீங்க பாய்! எங்க சின்னய்யா செத்தன்னைக்கும் இட்லிதான் குடுத்தீங்க!"

விசாலாட்சி மூக்கைச் சிந்தினாள். "எங்க மாமனாருக்குப் பொங்கலு."

மணி பத்தாக ஐந்து நிமிடம். தஸ்தகீர் கண்ணை இறுக மூடிக்கொண்டு ஒரே மூச்சில் கொட்டினார்: "காலை எடுக்கணுமாம். நீ சரின்னாத்தான் அவன் ஒத்துக்குவானாம். மத்தியானம் தாண்டுனா உசுரு தங்காதாம்."

ஒப்பாரி பாதியில் நின்றது.

"காலு மட்டுந்தானா பாய்?"

"காலு மட்டுந்தான்."

டெலிபோன் அடித்தது. அன்னக்கொடி அவர் கையிலிருந்து பிடுங்கினாள். "டாக்டரய்யா, வெரசா எடுங்க! ஒத்தக் காலோட எப்படிப் பொழைக்கிறதுன்னு கேப்பாரு. ரெண்டு காலும் இருந்தப்ப சீட்டாடத்தான் போனாருன்னு சொல்லுங்க! நான் பாத்துக்குறேன்னும் சொல்லுங்க!"

மூன்று மணிக்கு மறுபடி அழைப்பு வந்தது. கேட்டுவிட்டுத் தஸ்தகீர் நேரே அவளிடம் திரும்பினார்.

"முழங்காலுக்கு மேலயே எடுத்துட்டாங்கத்தா. ஆளு முழிச்சிட்டான்."

"முழிச்சதும் என்ன கேட்டாரு?"

"பீடி."

"அப்ப நல்லாத்தான் இருக்காரு" என்றாள் அன்னக்கொடி, கண்ணைத் துடைத்துக்கொண்டே.