பாலாறு ஓடிய காலை

எங்கள் தெருவில் எல்லாமே ஓடும். தறி ஓடும், கடிகாரம் ஓடும், டென்ட் கொட்டகையில் படம் ஓடும். யாரை நலம் கேட்டாலும் "ஏதோ ஓடுதும்மா" என்பார்கள். ஓட வேண்டிய பாலாறு மட்டும் மணலாகவே கிடக்கும். மேற்கே நல்ல மழை பெய்தால் ஒரு நாளோ அரை நாளோ ஓடும், அவ்வளவுதான். கல்யாணமாகி வந்த புதிதில், அதைப் பார்த்தே தீருவது என்று எனக்குப் பைத்தியமே பிடித்திருந்தது. "ஆத்துல என்ன இருக்குது பாக்க?" என்று மாமியார் முகத்தைத் திருப்பிக்கொள்வார்.

ஒரு நாள் காலை, பால்காரர் சைக்கிளை நிறுத்தாமலே சொல்லிக்கொண்டு போனார்: "ஓரிக்கையில ஆத்துல தண்ணி ஓடுதுபா."

தெருவே கிளம்பிவிட்டது. தறியில் ஏற்ற வேண்டிய எங்கள் வீட்டுப் பட்டு நூல் பாவு மட்டும் தெரு நீளத்துக்கு இழுத்துக் கட்டியிருந்தது. அப்போதுதான் கஞ்சி போட்டிருந்தோம். காயும்வரை நீவிக்கொண்டே இருக்காவிட்டால் இழைகள் ஒட்டிக்கொண்டு பாவே பாழ். அன்றைக்கென்று பார்த்து வெயிலையும் காணோம். தண்ணீர் சாயங்காலம்வரை இருக்குமோ என்னவோ. எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

தெருமுனைவரை போன எதிர்வீட்டு அக்கா என் முகத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தாள். "உன்ன உட்டுட்டு நாங்க மட்டும் எப்படிமா போறது?" வீட்டுக்குள் போய் விசிறியோடு வந்தாள். அவளைப் பார்த்து இன்னும் நாலைந்து பேர். விசிறி, முறம், ஒருவர் கையில் காலண்டர் அட்டை. பாவின் இரண்டு பக்கமும் நின்று விசிறித் தள்ளினோம். வீதி உலா வரும் சாமிக்குக்கூட அவ்வளவு காற்று கிடைத்திருக்காது. நீவிக்கொண்டிருந்த மாமனார், "மெதுவாப்பா, பாவு பறந்துடப் போவுது" என்றார். சிரித்துச் சிரித்து எனக்கு வயிறு வலித்தது.

பாவைச் சுருட்டி உள்ளே வைத்ததும் ஓட்டமும் நடையுமாக ஓரிக்கைக்குப் பறந்தோம். செருப்புகூடப் போடவில்லை. எனக்கு முன்னால், கொசுவத்தைத் தூக்கிச் செருகிக்கொண்டு, என் மாமியார்.

ஆறு கணுக்கால் அளவுதான். கலங்கலாக, வைக்கோலை இழுத்துக்கொண்டு போனது. எனக்கு அதுவே கடல். குதித்தேன், கத்தினேன், அக்காவின் மேல் வாரி இறைத்தேன். மாமியாரோ புடவையோடு அப்படியே தண்ணீரில் உட்கார்ந்துவிட்டார்.

"அத்தை, எழுந்திருங்க. சளி பிடிச்சுக்கும்."

"பிடிக்கட்டும்மா. வாக்கப்பட்டு வந்த நாளா, தண்ணி வரப்பல்லாம் நான் பாவு நீவிக்கினு இருப்பேன். இப்பதாம்மா பாக்குறேன்."