பொருள் தெரியாத பாட்டு

இத்தாலியில், பலேர்மோ நகரின் கடற்கரைப் பகுதியான ஸ்ஃபெர்ராகவால்லோவில் நான் வேலை செய்யும் வீட்டு எஜமானியம்மா, சின்யோரா, அயர்லாந்துக்காரர். எழுபது வயதைத் தாண்டியவர். ஒரு நாள் குசினியில் நான் சமைத்துக்கொண்டிருந்தபோது என் கையைப் பிடித்துக்கொண்டு, கண்ணை மூடி, வாத்தியம் ஏதும் இல்லாமல் ஒரு பாட்டுப் பாடினார். அவர்கள் ஊரில் பாடுகிறவரின் கையை யாராவது பிடித்துக்கொள்வது வழக்கமாம். ஆங்கிலப் பாட்டு இல்லை, ஐரிஷ் மொழிப் பாட்டு. முடிந்ததும் அர்த்தம் கேட்டேன்.

"எனக்குத் தெரியாது," என்றார் இத்தாலியனில்.

திகைத்துப்போனேன். வாழ்நாள் முழுக்கப் பாடுகிற பாட்டின் பொருள் ஒருவருக்குத் தெரியாமல் இருக்குமா? தாய் பாடக் கேட்டு ஒலியை மட்டும் பாடமாக்கினாராம். ஐரிஷ் பேச வராதாம். இரக்கமாக இருந்தது. உண்மையைச் சொன்னால், கொஞ்சம் இளக்காரமும் வந்தது. எங்கள் மொழி அப்படிப் போகாது என்று பெருமையடித்தேன். தமிழ்ப் பள்ளிக் கவிதைப் போட்டியில் என் மகள் முதல் பரிசு வாங்கிய கதையையும் அவிழ்த்துவிட்டேன்.

அடுத்த சனிக்கிழமை மகளைக் கூட்டிப்போனேன். அவளுக்குப் பத்து வயது. மழையைப் பற்றிய அந்தக் கவிதையை ஓரிடமும் பிசகாமல், கை அசைத்து, கணீரென்று சொன்னாள். சின்யோரா கைதட்டிவிட்டு, அது எதைப் பற்றியது என்று அவளிடம் கேட்டார்.

மகள் என்னைப் பார்த்தாள். "அம்மா, அது என்னத்தைப் பற்றி?"

கவிதையை இத்தாலிய எழுத்தில் எழுதி, ஃப்ரிட்ஜில் ஒட்டி, மாதக்கணக்கில் பாடமாக்க வைத்தவள் நான்தான். போட்டியில் உச்சரிப்புக்குத் தனிப் புள்ளி உண்டு என்று அதையே பிடித்துத் தொங்கினேன். ஒரு வரிக்காவது அர்த்தம் சொன்னேனா? வேலைக் களைப்பு என்று சாக்குச் சொல்லலாம். ஆனால் எனக்கு அது தோன்றவேயில்லை.

சின்யோரா சிரிக்கவில்லை. "என் அம்மாவுக்கு அர்த்தம் தெரியும். நான் கேட்கவில்லை, அவர் சொல்லவுமில்லை. அவர் போன பிறகு வேறு ஆளிடம் கேட்க மனம் வரவில்லை," என்றார்.

திரும்பும் பஸ்ஸிலேயே தொடங்கினேன். "பிள்ளை, முதல் வரி என்ன சொல்லுதெண்டால்..." நான் சொல்லிக்கொண்டே போக, அவள் தலையாட்டினாள். பிறகு மெதுவாக, "அம்மா, விளங்கேல்லை. இத்தாலியனிலை சொல்லுங்கோ," என்றாள்.

மழை என்பதைச் சொன்னேன். அடுத்த சொல்லுக்கு இத்தாலியனில் என்ன என்று எனக்குத் தெரியவில்லை. பலேர்மோவில் இருபது வருடம் இருந்து நான் படித்த இத்தாலியன் தரை துடைக்கவும் பெர்மெஸ்ஸோ என்ற வதிவிட அனுமதியைப் புதுப்பிக்கவும் போதும். என் பிள்ளைக்கு ஒரு கவிதையைச் சொல்ல அது காணாது.