பதினேழாம் எண் பாட்டில்

என் தங்கையின் ஆய்வுக் கட்டுரையை உலகத்தில் எங்காவது யாராவது மேற்கோள் காட்டினால் அவளுக்கு ஒரு மின்னஞ்சல் வரும். அம்மாவுக்கு டயாலிசிஸ் நடந்துகொண்டிருந்த ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் அப்படி ஒன்று வந்தது. புதுச்சேரியில் ஆஸ்பத்திரி நடையில் உட்கார்ந்திருந்தோம். தங்கை செல்போனைப் பார்த்தாள். கவிழ்த்து மடியில் வைத்துக்கொண்டாள். எந்தக் கட்டுரைக்கு என்று நான் கேட்கவில்லை. அந்த ஒன்றுக்குத்தான் அடிக்கடி வரும்.

அவள் சிறுநீரக நோய்களை ஆராய்கிறவள். வெளியான கட்டுரைகளின் பட்டியல் நான்கு பக்கம் போகும். எந்த வேலைக்கு விண்ணப்பித்தாலும் அதை முதலில் எனக்கு அனுப்பிப் பிழை பார்க்கச் சொல்வாள். நான் நாளிதழ்களில் வேலை பார்த்துப் பழகியவன். பட்டியலில் ஒவ்வொரு கட்டுரையின் ஓரத்திலும் அதை எத்தனை பேர் மேற்கோள் காட்டினார்கள் என்ற எண் இருக்கும். பெரும்பாலும் ஒற்றை இலக்கம். ஏழாவது கட்டுரைக்கு மட்டும் மூன்று இலக்கம். அவளுக்கு இப்போதைய வேலையை வாங்கிக் கொடுத்தது அந்த ஏழாவதுதான். அது மரக்காணம் உப்பளத்துப் பெண்களைப் பற்றியது.

அம்மாவும் அந்தப் பெண்களில் ஒருத்தி. விடிவதற்கு முன்பே பாத்திக்குப் போய்விடுவார்கள். உப்பு வாரும் வேலை, தலையில் சுமக்கும் வேலை. மதியம்வரை யாரும் தண்ணீர் குடிக்க மாட்டார்கள். குடித்தால் ஒதுங்க வேண்டும். கண்ணுக்கு எட்டிய தூரம் ஒரு மரம்கூடக் கிடையாது. அந்த வெயிலில் அப்படி வருடக்கணக்கில் இருந்தால் சிறுநீரகம் என்ன ஆகும் என்பதுதான் தங்கையின் கேள்வி. அம்மாவைப் பார்த்துத்தான் அந்தக் கேள்வியே அவளுக்கு வந்தது.

சோதனைக்குக் காலையில் எழுந்ததும் போகும் முதல் சிறுநீர் வேண்டும். அத்தனை வீட்டுக்கும் அந்த நேரத்தில் அவளால் போக முடியாது. அம்மா அந்தப் பொறுப்பை எடுத்துக்கொண்டாள். எண் ஒட்டிய பாட்டில்களை முந்தின நாள் மாலை வீடு வீடாகக் கொடுப்பாள். காலையில் ஒரு பச்சை பிளாஸ்டிக் வாளியில் வாங்கி வருவாள். தங்கை உப்பு மேட்டுக்குப் பக்கத்தில் ஐஸ் பெட்டியோடு நிற்பாள். ஒரு நாள் நானும் கூட நின்றேன்.

"ஏங்க்கா, உன் பொண்ணு அவ்ளோ தூரம் போய்ப் படிச்சிட்டு கடைசில நம்ம மூத்திரத்துக்குத்தான் வந்து நிக்குது பாரு" என்றாள் ஒருத்தி.

"உனுக்கு இன்னாடி தெரியும்? ஃபாரின்காரன்லாம் படிக்கப் போறான் உன் மூத்திரத்த" என்றாள் அம்மா.

"படிச்சிட்டு அவனயும் ஒரு நாள் பாத்தியில எறங்கச் சொல்லு."

எல்லோரும் சிரித்தார்கள். தங்கையும் சிரித்தாள்.

முடிவுகள் வந்தபோது வீட்டில் நான் எண்களை வாசித்தேன், அவள் கம்ப்யூட்டரில் ஏற்றினாள். ஓர் இடத்தில் நிறுத்தினேன். சில எண்கள் திரும்பத் திரும்ப ஏறக்குறைய ஒன்றாகவே இருந்தன. புள்ளிக்குப் பின்னால் மட்டும் கொஞ்சம் மாறியது. எங்கள் ஆபீசில் இரண்டு சாட்சிகள் ஒரே வாக்கியத்தைச் சொன்னதாகச் செய்தி வந்தால் நிருபர் ஸ்பாட்டுக்குப் போகவில்லை என்று அர்த்தம். அதை அவளிடம் சொன்னேன்.

"ஒரே தண்ணி, ஒரே சாப்பாடு, ஒரே வேலைண்ணா. அப்படித்தான் இருக்கும்" என்றாள். கட்டுரையை அனுப்பக் கடைசித் தேதி நெருங்கிக்கொண்டிருந்தது. நான் அடுத்த எண்ணை வாசித்தேன்.

பதினேழாம் எண் அம்மாவுடையது. சொந்த அம்மாவை ஆய்வில் சேர்ப்பது சரியில்லை என்று தங்கை முதலில் தயங்கினாள். அம்மா விடவில்லை. முடிவில் குறையே இல்லை. "உனக்கு ஒண்ணும் இல்லம்மா, கிட்னி சூப்பரா இருக்கு" என்று தங்கை சொன்னபோது அம்மா அடுப்பைப் பார்த்துக்கொண்டு "ம்" என்றாள்.

உப்பள ஆண்களுக்கு இருப்பதாக முன்பே தெரிந்திருந்த பாதிப்பு பெண்களுக்கு இல்லை என்று கட்டுரை சொன்னது. யாரும் எதிர்பார்க்காத முடிவு. அதனால்தான் அவ்வளவு மேற்கோள். ஏன் இல்லை என்று விளக்கிப் பலர் எழுதினார்கள். பெண்களை விட்டுவிட்டு ஆண்களை மட்டும் சோதித்தால் போதும் என்றும் சிலர் எழுதினார்கள். நான் எங்கள் பத்திரிகையில் அரைப் பக்கம் எழுதினேன், படத்தோடு.

சில வருடம் கழித்து அம்மாவின் கால் வீங்கியது. நின்றுகொண்டே வேலை பார்ப்பதால் என்று நினைத்தோம். கிட்னி என்ற சந்தேகமே எங்களுக்கு வரவில்லை. அதுதான் சூப்பராக இருக்கிறதே. மூச்சு வாங்க ஆரம்பித்த பிறகு புதுச்சேரிக்குக் கொண்டுபோனோம். ஸ்கேனைப் பார்த்த டாக்டர், இரண்டு சிறுநீரகமும் சுருங்கிவிட்டது, இது நேற்று இன்று வந்ததில்லை, பல வருஷமாக இருந்திருக்கும் என்றார். தங்கை விரல்களை ஒவ்வொன்றாக மடக்கினாள். வருடங்களை எண்ணிக்கொண்டிருந்தாள் என்று நினைக்கிறேன்.

திரும்பும்போது பஸ் கூனிமேடு தாண்டியதும் கேட்டாள்.

"அம்மா, அன்னிக்கு அந்தப் பாட்டில்ல இருந்தது உன்னுதுதானா?"

அம்மா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். வெளியே பார்த்தபடியே சொன்னாள். டெஸ்டில் யாருக்குக் குறை தெரிகிறதோ அவர்கள் பெயர் மேஸ்திரிக்குப் போகும், அடுத்த சீசனுக்கு அவர்களைக் கூப்பிட மாட்டார்கள் என்று உப்பளத்தில் பேச்சு இருந்ததாம். கால் வீங்கியவர்கள், முகம் உப்பியவர்கள் எல்லாம் பாட்டிலைக் கையில் வாங்கவே பயந்தார்கள். அம்மா அவர்களுக்கான பாட்டில்களைக் காலியாகவே எடுத்துக்கொண்டு ரோட்டோர இட்லிக் கடைக்குப் போனாள். கடைக்கார அம்மா உப்பளத்தில் கால் வைத்ததே இல்லை. அவளுடைய சிறுநீரை ஒரு சொம்பில் வாங்கி அம்மா அந்தப் பாட்டில்கள் எல்லாவற்றிலும் ஊற்றினாள். தன்னுடையதிலும்.

"உன் பரிச்சை நல்லா வரணும்னுதாம்மா. எல்லாரும் ஃபெயிலானா உன்ன யாரு மெச்சுவா?" என்றாள் அம்மா.

தங்கை கம்பியைப் பிடித்த கையில் நெற்றியைச் சாய்த்துக்கொண்டாள். அனுமந்தை நிறுத்தம் வரும்வரை அப்படியே இருந்தாள்.

அந்தக் கட்டுரையைத் திரும்பப் பெறுவதா என்பதில் மூன்று வாரம் போனது. பெற்றால் பட்டியலில் மீதி இருப்பது ஒற்றை இலக்கங்கள்தான். பதவி உயர்வுக்கு அவள் போட்டிருந்த விண்ணப்பம் அந்த மாதம்தான் பரிசீலனையில் இருந்தது. டயாலிசிஸ் கட்டிலில் அம்மா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அத ஒண்ணும் பண்ணிடாத பாப்பா. அதாலதான உனக்கு வேலை. நான் போயிடுவேன். யாருக்குத் தெரியப்போவுது?"

"மீதிப் பொம்பளைங்க இருக்காங்களேம்மா."

அம்மா மிஷின் பக்கம் பார்த்தாள். ரத்தம் குழாயில் போய்க்கொண்டிருந்தது. பிறகு, "எழுதிக்கோ" என்றாள்.

யார் யாருடைய பாட்டில் என்று அவளுக்கு ஒன்றுகூட மறக்கவில்லை. தன்னைச் சேர்க்காமல் பத்துப் பெயர். ஒவ்வொரு பெயருக்கும் வீட்டு அடையாளம் சொன்னாள். தங்கை எழுதி முடித்ததும், "மேஸ்திரிக்குப் போவாதில்ல?" என்று கேட்டாள். போகாது என்றாள் தங்கை. "சத்தியமா?" என்றாள். தங்கை கையில் அடித்துச் சத்தியம் செய்தாள்.

அன்று சாயங்காலமே ஆய்விதழுக்குக் கடிதம் போனது. நான் எங்கள் பத்திரிகையில் ஒரு திருத்தம் எழுதினேன். அரைப் பக்கச் செய்திக்கு நாலு வரித் திருத்தம், உள்பக்கத்தில் கீழே. அதற்கு மேல் இடம் தர மாட்டார்கள். நானும் இருபது வருடமாக யாருக்கும் தந்ததில்லை.

பத்து வீட்டுக்கும் தங்கை தானே போனாள். நான் பைக்கில் கூட்டிப்போனேன். நான்காவது பெயருக்குரிய வீட்டில் மாலை போட்ட படம் இருந்தது. ஒன்பதாவதிலும். மகன்களிடம் எதனால் என்று கேட்டோம். கால் வீங்கி, மூச்சு வாங்கி என்றார்கள். மற்ற எட்டுப் பேரையும் டாக்டரிடம் அனுப்பினாள். அந்த எட்டுப் பேர் பற்றி அம்மாவிடம் சொல்ல முடிந்தது. இரண்டு படங்களைப் பற்றிச் சொல்லவில்லை. ஐப்பசி மழையில் அம்மா போய்விட்டாள்.

தங்கைக்கு உயர்வு வரவில்லை. கட்டுரையின் எல்லாப் பக்கத்திலும் இப்போது குறுக்காகச் சிவப்பில், திரும்பப் பெறப்பட்டது என்று இருக்கிறது. அதைப் பார்க்காமலேயே, வேறு கட்டுரைகளில் படித்துவிட்டு, இன்னும் மேற்கோள் காட்டுகிறார்கள். எண் ஏறிக்கொண்டுதான் இருக்கிறது. பட்டியலில் அந்த வரியை அவள் எடுக்கவில்லை. எடுத்துவிடலாமே என்றேன். "இருக்கட்டும்ண்ணா, அம்மா அதுல இருக்காங்க" என்றாள்.

போன வாரமும் ஒரு மின்னஞ்சல் வந்தது. எங்கோ வேறு கடற்கரையில் உப்பளத்துப் பெண்களைச் சோதிக்கத் தேவையில்லை என்று சொல்ல இதைக் காட்டியிருந்தார்கள். ஒவ்வொரு முறையும் செய்வதுபோல அவள் உட்கார்ந்து அவர்களுக்குப் பதில் எழுதினாள். அந்தப் பாட்டில்களில் இருந்தது அந்தப் பெண்களுடையது இல்லை, மாற்றியது என் தாய், அவர் சிறுநீரகம் செயலிழந்து இறந்தார், உங்கள் பெண்களைத் தயவுசெய்து சோதியுங்கள். அனுப்புவதற்கு முன் என்னிடம் காட்டினாள். இரண்டு முறை படித்தேன். பிழை இல்லை. அனுப்பச் சொன்னேன்.