கடலை வேர்முடிச்சுக்காகச் சத்தியமங்கலம் போனேன்

1998 ஐப்பசியில் சத்தியமங்கலம் போனது கோயிலுக்கு இல்லை, நிலக்கடலை வேருக்கு. என் மருமகள் கவிதா கோவையில் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தாள். கடலை வேர்முடிச்சுகளில் வாழும் மண் பாக்டீரியாக்கள் ஊருக்கு ஊர் எப்படி மாறுகின்றன என்று, அவற்றின் டி.என்.ஏ.வை ஒப்பிடும் வேலை. வெள்ளகோவிலில் எடுத்த பாக்டீரியா பத்திரமாக இருந்தது. சத்தியமங்கலத்தில் ஒரு தோட்டத்தில் எடுத்தது ஆய்வகத்தில் கெட்டுவிட்டது. அதே தோட்டத்தில் கடலை பிடுங்கி முடிவதற்குள் முடிச்சு எடுக்காவிட்டால் ஒரு வருடம் வீண். அவளுக்கோ எட்டாம் மாதம்.

"மாமா, நீங்க போயிட்டு வாரீங்களா?" என்றாள்.

நான் ஓய்வுபெற்ற வாத்தியார், நேரம் இருந்தது. பத்துச் செடி பிடுங்காமல் விட்டுவைக்கும்படி தோட்டத்துச் சொந்தக்காரர் ரங்கசாமிக்குக் கடிதம் போட்டேன். காந்திபுரத்தில் காலை 6.10 பஸ், அன்னூர், புளியம்பட்டி வழியாக எழுபது கிலோமீட்டர், பதினான்கு ரூபாய். அங்கிருந்து டவுன் பஸ்ஸில் ஆறு கிலோமீட்டர்.

போய் நின்றதும் ரங்கசாமியின் மனைவி பொன்னம்மாள் பத்துச் செடிகளையும் கட்டாக நீட்டினார். வேர் பளிச்சென்று இருந்தது. ஒரு முடிச்சுகூட இல்லை.

"மண்ணோட எப்பிடிங்க வாத்தியாருக்குக் குடுக்கறது? நாரு போட்டுத் தேச்சுக் கழுவிப்போட்டனுங்க."

"அந்த முடிச்சுதானுங்க வேணும்" என்றேன்.

"அட ஆண்டவா! ஏனுங்க, இங்க வாங்க! நாங் கெடுத்துப்போட்டேன்!"

வந்து பார்த்த ரங்கசாமி சிரித்தார். "ஊட்டுக்காரி சுத்தம் ஊரறிஞ்சதுங்க. போன வாரம் ஏர்க்கலப்பையக் கழுவுனா."

தோட்டம் முழுக்கப் பிடுங்கியாகிவிட்டது, பிடுங்கிய செடிகளின் வேரும் காய்ந்துவிட்டது. ஆனாலும் கடலை ஆய்ந்துகொண்டிருந்த பெண்கள் ஐந்து பேரும் எழுந்து தேடினார்கள். வாய்க்கால் ஓரத்தில், பிந்தி முளைத்த மூன்று பச்சைச் செடிகள் கிடைத்தன. ரங்கசாமி மண்வெட்டியால் மண்கட்டியோடு பெயர்த்தார். ஈரச் சாக்கில் சுற்றி, மாலை நான்கு மணிக்குக் கவிதாவிடம் சேர்த்தேன்.

டி.என்.ஏ.வைத் துண்டாக்கி, ஜெல் என்ற கூழ்த் தகட்டில் மின்சாரம் பாய்ச்சி ஓடவிட்டால் கோடுகள் விழும். இரண்டு சென்னிமலைப் போர்வைகளை அருகருகே விரித்துக் கரைகளைப் பார்ப்பதுபோலத்தான் ஒப்பிடுவது. இரண்டு ஊருக்கும் பெரும்பாலான கோடுகள் ஒரே இடத்தில். நான்கு மட்டும் விலகி இருந்தன. முடிவு வந்த பிறகு, பேத்தி பிறந்த மிட்டாயோடு மறுபடி சத்தியமங்கலம் போய்ச் சொன்னேன்.

"அப்ப வெள்ளகோவில்காரங்களும் நம்மளும் பங்காளிங்களா?" என்றார் பொன்னம்மாள்.

"பங்காளிதானுங்க. ஊடுதான் வேற."

"சரிதானுங்க, பொங்கலுக்கு ஒரு எட்டு வரச் சொல்லுங்க!"

இப்படி மாதிரி எடுக்கப் போகிறவர்களுக்கு: ஈரச் சாக்கும் சிறு மண்வெட்டியும் கொண்டு போங்கள், மதியத்துக்குள் அங்கிருந்து கிளம்பிவிடுங்கள். முடிவு தெரிந்ததும் இன்னொரு பதினான்கு ரூபாய் செலவழித்து, மண் கொடுத்தவர்களிடம் நேரில் சொல்லுங்கள். அவர்கள் கேட்டு அனுப்ப மாட்டார்கள், ஆனால் காத்திருப்பார்கள்.