பொட்டு வைக்காத பம்பு

ஜெபமணி மேடம் இறந்த செய்தி கம்பெனியின் வாட்ஸ்அப் குழுவில்தான் வந்தது. "நம் பயிற்சி அலுவலர் திருமதி ஜெபமணி இன்று காலை காலமானார்." அதன் கீழே வரிசையாகக் கும்பிட்ட கைகள். கைகளுக்குக் கீழே பேக்கிங் மேலாளரின் அறிவிப்பு: "கண்டெய்னர் சாயங்காலம் கிளம்புது. யாரும் பர்மிஷன் கேக்க வேண்டாம்." அதற்கும் இரண்டு பேர் கும்பிட்டிருந்தார்கள். எது முதல், எது பிறகு என்பதில் நம் நிர்வாகத்துக்கு ஒருபோதும் குழப்பம் இருந்ததில்லை.

அதைத்தான் நமக்குச் சொல்லிக்கொடுக்க அவரை வேலைக்கு எடுத்தார்கள். கம்பெனியில் உள்ள பொருள்களில் எது மிக முக்கியம், எது நின்றால் பொறுத்துக்கொள்ளலாம் என்று ஊழியர்களுக்குப் பயிற்சி தர வேண்டும் என்பது நம்மிடம் பனியன் வாங்கும் வெளிநாட்டுப் பையரின் நிபந்தனை. மிக முக்கியமானதற்குச் சிவப்பு அட்டை, அடுத்ததற்கு மஞ்சள், மற்றவற்றுக்குப் பச்சை. முதல் வகுப்பில் நாம் என்ன செய்தோம் என்பது நினைவிருக்கும். நிட்டிங்காரர் நிட்டிங் மெஷினுக்குச் சிவப்பு கேட்டார். அக்கவுண்ட்ஸ் தன் கம்ப்யூட்டருக்குக் கேட்டது. பையரோடு பேசி ஆர்டரைக் கவனிக்கும் மெர்ச்சண்டைசர் ஒருவர் காபி மெஷினுக்குக் கேட்டார். "காபி இல்லாட்டி பையர் வாயே தொறக்க மாட்டாருங்க மேடம்."

மேடம் சிரித்தார். திருநெல்வேலிப் பக்கத்துச் சிரிப்பு, சத்தமாக வரும். "எல்லாத்துக்கும் செவப்பு ஒட்டியாச்சு. இப்பம் கரண்டு போச்சுன்னா எதுக்கு மொதல்ல ஓடுவீங்க?" கேட்டுவிட்டு அவரே சொன்னார்: "அது நின்னா யாருக்கு நோவும், எம்புட்டு சீக்கிரம் நோவும்? இந்த ரெண்டையும் கேளுங்க. வெலைய அப்புறம் பாத்துக்கிடலாம்."

ஆயுத பூஜையன்று அவர் செய்தது எனக்கு மறக்காது. எல்லா மெஷினுக்கும் சந்தனமும் குங்குமமும் வைத்து, முதலாளியின் காருக்குக் கூடுதலாக ஒரு மாலையும் போட்டுவிட்டுப் பொரி தின்றுகொண்டிருந்தோம். மேடம் பொரிப் பொட்டலத்தோடு ஷெட் ஷெட்டாகச் சுற்றி வந்தார். தையல் பிரிவு சூப்பர்வைசர் செல்வராஜ் கேலியாகக் கேட்டார்: "ஏனுங்க மேடம், நீங்க கிறிஸ்டியனாச்சே, பூஜையில என்னத்தைத் தேடறீங்க?"

"நான் பொட்டு வைக்க மாட்டேன் செல்வராஜ். நீங்க எதுக்கு வைக்க மறந்தீங்கன்னுதான் பாக்கேன்."

கண்டுபிடித்தார். கேன்டீனுக்குப் பின்னால், வேஸ்ட் துணி மூட்டைகளின் மறைவில், தீயணைப்புத் தண்ணீரை இறைக்கும் டீசல் பம்பு. அதற்குப் பொட்டும் இல்லை, பேட்டரியும் இல்லை. பையர் வரும்போது ஷோரூம் ஜெனரேட்டர் மக்கர் செய்யக் கூடாது என்று பேட்டரியைக் கழற்றி அங்கே மாட்டியிருந்தார்கள். மேடம் நேராக ஜி.எம்.மிடம் போனார். நானும் ஏதோ ஷிப்பிங் பேப்பரோடு அந்த அறையில் நின்றிருந்தேன்.

"ஏனுங்க மேடம், அந்தப் பம்பை எந்தப் பையர் பாக்கப் போறாருங்க?" என்றார் ஜி.எம்.

"பையர் பாக்காட்டா என்ன சார், தீ பாக்கும்லா."

அன்று மாலையே பேட்டரி திரும்பி வந்தது. பம்புக்குச் சிவப்பு அட்டையும் ஒட்டினார். அடுத்த பையர் வந்தபோது பேட்டரி மறுபடியும் ஷோரூமுக்குப் போனது.

போனது போனபடி இருக்கும்போதுதான் அந்தப் பம்பு இருந்த நம் மண்ணரை யூனிட்டில் வேஸ்ட் துணி குடோன் தீப்பிடித்தது. செல்வராஜ் ஓடிப்போய்ப் பம்பின் ஸ்விட்சை அழுத்தினார். ஒரு முனகல்கூட வரவில்லை. மைக்கில் தமிழில் அறிவித்துக்கொண்டிருந்தார்கள். தையல் பிரிவில் இருந்த வடமாநிலப் பிள்ளைகளுக்கு அது புரியவில்லை. மேடம் தனக்குத் தெரிந்த அரைகுறை இந்தியில் "பாஹர்! பாஹர்!" என்று கத்திக்கொண்டு உள்ளே போனார். எல்லாரும் வெளியே வந்தார்கள். அவர் கடைசியாக, இருமிக்கொண்டே வந்தார். அதன் பிறகு அந்த இருமல் நிற்கவே இல்லை. சில வாரங்கள் ஆஸ்பத்திரியில் கிடந்து போய்ச் சேர்ந்தார்.

அவருக்கு ஏற்கெனவே வீசிங் இருந்தது என்கிறது நிர்வாகம். உண்மைதான், இருந்தது. பம்பில் ஏற்கெனவே பேட்டரி இல்லை என்பதும் உண்மைதான். நிர்வாகத்துக்கு முதல் உண்மையில் மட்டும் ஆர்வம். இரங்கல் பேனரில் அவரை "விலைமதிப்பற்ற சொத்து" என்று அச்சடித்திருக்கிறார்கள். அதைக் கட்டியிருப்பது ஷோரூம் வாசலில், பையர் கண்ணில் படும் உயரத்தில்.

கல்லறைத் தோட்டத்தில் அவர் கணவர் தனராஜ் நம்மில் சிலரைத் தனியே அழைத்துக் கேட்டார். "அவ சீக்காளி, அதான் செத்தாள்னு கம்பெனியில எழுதப் போறாங்களாம். பம்பு ஓடலன்னு ஒருத்தராவது சொல்லுவியளா?" நாம் தரையைப் பார்த்தோம். நன்றாகப் பயிற்சி பெற்ற ஊழியர்கள்.

மறுநாளே ஜி.எம். ஒரு தாளை நீட்டினார். பம்பு நல்ல நிலையில் இருந்தது, நாங்கள் நேரில் பார்த்தோம் என்று அதில் இருக்கிறது. "ஒரு கையெழுத்துத்தானுங்க, டீ ஆறதுக்குள்ள முடிஞ்சுரும்." சிலர் போட்டுவிட்டார்கள். யாரென்று இங்கே சொல்லப் போவதில்லை. அவர்களுக்கும் வீட்டு வாடகை இருக்கிறது.

அந்தத் தாளைப் பார்த்தபோதுதான் இது நினைவுக்கு வந்தது. பேட்டரியை இரண்டாம் முறை கழற்றுவதற்கு முன், பம்பின் சிவப்பு அட்டையைப் பச்சையாக மாற்றித் தரும்படி நிர்வாகத்தில் மேடத்திடம் கேட்டார்கள். சிவப்பில் கைவைத்தால் ஆடிட்டில் மாட்டிக்கொள்வார்களாம். மேடம் குரலை உயர்த்தவில்லை. "நீங்களே மாத்துங்க சார். மாத்திட்டு அடியில ஒங்க பேர எழுதிருங்க." மறுநாள் பச்சை அட்டை வந்துவிட்டது. அடியில் எந்தப் பெயரும் இல்லை.

வரும் வாரம் தொழிற்சாலை ஆய்வாளர் விசாரணைக்கு வருகிறார். பம்பில் பேட்டரி இல்லை, அதை எடுத்தவர்களுக்கு அது எவ்வளவு முக்கியம் என்பது தெரியும் என்று எழுதிக் கொடுக்கப் போகிறேன். ஜெபமணி மேடத்திடமிருந்து நான் வைத்துக்கொண்டது, சொல்வதற்கு அடியில் பெயரை எழுதும் வழக்கம். எழுதியது இரண்டே வரி, அதனால் அடியில் போட்ட என் பெயர் தாளின் மேல்பகுதியிலேயே நிற்கிறது. கீழே உங்கள் பெயர்களுக்கு இடம் நிறைய இருக்கிறது.